லினக்ஸுக்கு முதல் புத்தகம் எது? மும்பையிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

விண்டோஸ் 10-க்கு கொடுத்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 ஏற வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், ஓரளவு புதிய பிராசஸர் வேண்டும். தாராவி, சயான், செம்பூர், டோம்பிவிலி என்று நம் ஆட்கள் இருக்கிற இடங்களில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய லேப்டாப்புகளுக்கா பஞ்சம்? அதில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டவர்களும் போடப்போகிறவர்களும் கேட்பது ஒன்றுதான்: எந்தப் புத்தகம் வாங்குவது? சர்வர் வேலையில் இருப்பதால் இந்தக் கேள்வி என்னிடம் நிறைய வருகிறது. அதிகம் வருவதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

கடையில் லினக்ஸ் என்றால் ஒரு அடுக்கையே எடுத்துப் போடுகிறார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது?

லினக்ஸை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்பதிலிருந்து. கேட்பவர்கள் பெரும்பாலும் மூன்று வகை. வீட்டு கம்ப்யூட்டரில் இணையம், மெயில், பிள்ளைகளின் பிராஜெக்ட், கொஞ்சம் டைப்பிங், இவ்வளவுதான் என்பவர்கள் ஒரு வகை. ஐரோலியிலோ பவாயிலோ சப்போர்ட் வேலை கிடைத்து, முதல் நாளே கறுப்புத் திரையில் கமாண்ட் அடிக்கச் சொன்னதும் முழிப்பவர்கள் இன்னொரு வகை. மூன்றாவது, கல்லூரியில் பாடமாக வந்ததால் படிப்பவர்கள்.

முதல் வகைக்குப் புத்தகமே வேண்டாம் என்பேன். லினக்ஸ் பல வடிவங்களில் வருகிறது, ஒவ்வொன்றையும் டிஸ்ட்ரோ என்பார்கள். அதில் லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றைப் போட்டால், விண்டோஸ் பழகிய கை அரை மணி நேரத்தில் வழி கண்டுபிடித்துவிடும். படத்துக்குப் படம் விளக்கும் தடிப் புத்தகத்துக்குக் காசு கொடுத்தால், அடுத்த வெர்ஷனில் அந்த மெனு வேறு இடத்துக்குப் போயிருக்கும். இரண்டாம் வகைக்கு டெர்மினலில், அதாவது கமாண்ட் அடிக்கும் அந்தக் கறுப்புத் திரையில், கை பழக்கும் புத்தகம் ஒன்று கட்டாயம் வேண்டும். மூன்றாம் வகைக்கு இரண்டு புத்தகம். ஏன் என்பது அடுத்த கேள்வியில்.

கல்லூரியில் ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடத்துக்கு ஒரு பெரிய புத்தகம் இருக்கிறது. அதுவே போதாதா?

சில்பர்ஷாட்ஸ், கால்வின் எழுதியதைச் சொல்கிறீர்கள். அட்டையில் டைனோசர் இருப்பதால் டைனோசர் புத்தகம் என்றே பெயர் வாங்கியது. 1983-இல் முதல் பதிப்பு வந்து, இன்றுவரை பல பதிப்புகள் கண்ட நல்ல புத்தகம். ஆனால் பிராசஸ் ஷெட்யூலிங், டெட்லாக், விர்ச்சுவல் மெமரி என்று ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை எப்படி அமைக்கிறார்கள் என்பதுதான் அதில் இருக்கிறது. முழுவதும் படித்து நல்ல மார்க் வாங்கிய பையனிடம் 'இந்த ஃபோல்டரில் நேற்று மாறிய ஃபைல்களை மட்டும் எடு' என்றால் கை நகராது. அது அவன் குற்றமில்லை, அந்தப் புத்தகத்தின் வேலையும் அதுவல்ல. பாடத்துக்கு அது, கைப்பழக்கத்துக்கு வேறொன்று.

ஆன்லைனில் 'ஆப்பரேட்டிங் சிஸ்டம்' என்று தேடி ஆர்டர் போட்டுவிட்டு, பார்சலைப் பிரித்ததும் தலையில் கை வைப்பவர்கள் நிறைய. தேடும்போது 'லினக்ஸ்', 'கமாண்ட் லைன்', 'ஷெல்' என்ற சொற்களைப் போட்டுத் தேடுங்கள். ஷெல் என்பது நாம் அடிக்கும் கமாண்டை வாங்கி ஓட்டும் புரோகிராம்.

பழைய புத்தகம் வாங்கலாமா? எத்தனை வருடம் பழசானால் ஆகாது?

முழுப் புத்தகத்துக்கும் ஒரே வயது சொல்ல முடியாது. ஒவ்வொரு அத்தியாயமும் ஒவ்வொரு வேகத்தில் பழசாகிறது.

லினக்ஸை லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்டார். ஆனால் அதில் நாம் அடிக்கிற கமாண்டுகளில் பல, 1969-இல் பெல் லேப்ஸில் தொடங்கிய யூனிக்ஸிலிருந்து வந்தவை. ஒரு கமாண்டின் வெளியீட்டை அடுத்த கமாண்டுக்கு அனுப்பும் பைப் என்ற வசதி யூனிக்ஸில் 1973-இல் வந்தது. இன்றும் அதே செங்குத்துக் கோடு, அதே வேலை. ஃபைல் பட்டியல் எடுப்பது, நகல் எடுப்பது, பர்மிஷன் மாற்றுவது, கிரெப் வைத்துத் தேடுவது, வி-ஐ எடிட்டர் எல்லாமே அப்படித்தான். இருபது வருடத்துக்கு முன் அச்சான புத்தகமாக இருந்தாலும் இந்த அத்தியாயங்களைத் தைரியமாகப் படிக்கலாம்.

இன்ஸ்டால் செய்யும் அத்தியாயமும் டெஸ்க்டாப் படங்களும் பழைய பஞ்சாங்கம். உபுண்டு என்ற டிஸ்ட்ரோவை மட்டும் பாருங்கள். 14.04, 16.04 இரண்டிலும் இடதுபக்கம் பட்டையோடு யூனிட்டி என்ற டெஸ்க்டாப் இருந்தது. 2017-இல் அதைக் கைவிட்டு க்னோம் என்ற டெஸ்க்டாப் பக்கம் போய்விட்டார்கள். யூனிட்டி படம் போட்ட புத்தகத்தை வைத்துக்கொண்டு இன்றைய உபுண்டுவைத் திறந்தால், படத்துக்கும் திரைக்கும் சம்பந்தமே இருக்காது.

நடுவில் ஒரு வகை இருக்கிறது, ஆளை ஏமாற்றுவது அதுதான். சர்வீஸ்களை (பின்னணியில் ஓடும் புரோகிராம்களை) ஸ்டார்ட், ஸ்டாப் செய்யும் முறையும் நெட்வொர்க் அமைக்கும் முறையும். 2014-இல் வந்த ரெட் ஹாட் 7, 2015-இல் வந்த டெபியன் 8, உபுண்டு 15.04 ஆகிய டிஸ்ட்ரோ வெர்ஷன்களிலிருந்து சிஸ்டம்டி என்ற புதிய ஏற்பாடு வந்துவிட்டது. அதற்கு முன் எழுதியவர்கள் ரன்லெவல், இனிட் ஸ்கிரிப்ட் என்று பக்கம் பக்கமாகச் சொல்வார்கள். நெட்வொர்க்குக்கு ஐஎஃப்கான்ஃபிக் என்ற கமாண்டைச் சொல்வார்கள். இன்று பல கம்ப்யூட்டர்களில் அது இன்ஸ்டாலே ஆகியிருக்காது, அதன் வேலையை ஐபி என்ற கமாண்ட் செய்கிறது. பழைய கமாண்ட் சில இடத்தில் ஓடும், சில இடத்தில் ஓடாது. புதிதாகப் படிப்பவருக்குத் தான் தப்பா புத்தகம் தப்பா என்று தெரியாமல் போவது இந்த அத்தியாயங்களில்தான்.

ஆகவே கையில் காசு குறைவு என்றால், பழைய புத்தகத்தின் நடுப்பகுதியை மட்டும் படிப்பது என்று முடிவு செய்து வாங்கலாம். இன்ஸ்டாலுக்கும் நெட்வொர்க்குக்கும் அந்தந்த டிஸ்ட்ரோவின் சொந்த இணையப் பக்கங்களே போதும், அவை இலவசம்.

மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் பழைய புத்தகக் கடைக்குப் போகிறேன். நின்றபடியே நல்லது கெட்டது தெரிந்துகொள்ள வழி?

கடைக்காரர் பொறுமை இழப்பதற்குள் பார்த்துவிடலாம்.

முதலில் டைட்டில் பக்கத்தின் பின்புறம். அங்கே இருக்கும் காப்பிரைட் ஆண்டுகளில் எது பெரியதோ அதுதான் புத்தகத்தின் வயது. கீழே 'ரீபிரிண்ட்' என்று போட்டிருக்கும் ஆண்டை நம்பாதீர்கள். 2008-இல் எழுதியதை 2019-இல் மறுபடி அச்சடித்தாலும் உள்ளே இருப்பது 2008 தான்.

அடுத்து கடைசிப் பக்கங்களில் இருக்கும் இண்டெக்ஸ். 'எஸ்' வரிசையில் சிஸ்டம்டி, சிஸ்டம்சிடிஎல் இருக்கிறதா? இருந்தால் பெரும்பாலும் 2014-க்குப் பிந்தைய அறிவு உள்ளே இருக்கிறது. 'எல்' வரிசையில் லைலோ இருந்து, 'ஜி' வரிசையில் க்ரப் இல்லையென்றால் ரொம்பப் பழசு. இரண்டும் கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் லினக்ஸைத் தொடங்கிவைக்கும் புரோகிராம்கள், லைலோ பழையது. ஃபிளாப்பிக்கென்று தனி அத்தியாயம் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். இண்டெக்ஸே இல்லாத புத்தகம் என்றால் வருடம்கூடப் பார்க்க வேண்டாம். கமாண்ட் புத்தகத்தைத் தேடித் தேடித்தான் பயன்படுத்த வேண்டியிருக்கும், இண்டெக்ஸ் போட மெனக்கெடாதவர் உள்ளேயும் மெனக்கெட்டிருக்க மாட்டார்.

மூன்றாவது, நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைப் பிரியுங்கள். கமாண்டைக் கொடுத்தபின், திரையில் என்ன வரும் என்பதையும் அச்சடித்திருக்கிறார்களா? கமாண்டை மட்டும் சொல்லிவிட்டு நகரும் புத்தகத்தில், நாம் அடித்தது சரியா என்று ஒப்பிட ஒன்றும் இருக்காது. தப்பாக அடித்தால் என்ன எரர் வரும் என்பதையும் சேர்த்துக் காட்டியிருந்தால், எழுதியவர் பாடம் நடத்திப் பழகியவர் என்று அர்த்தம்.

கடைசியாக, ஃபைலை அழிக்கும் ஆர்எம் கமாண்ட் வரும் பக்கம். அதில் அழித்தால் ரீசைக்கிள் பின் கிடையாது, போனது போனதுதான் என்று அங்கேயே எச்சரித்திருக்க வேண்டும். சும்மா 'ஃபைலை நீக்க உதவும்' என்று ஒரு வரியில் தாண்டிப் போகிறவர் கையில் புதியவரை ஒப்படைக்கக் கூடாது.

கிங்ஸ் சர்க்கிளில் இன்ஜினியரிங் மாணவர்கள் விற்றுவிட்டுப் போனவை அதிகம் கிடைக்கும். பென்சில் கோடுகள் இருந்தால் பரவாயில்லை. ஆனால் ஜெராக்ஸ் போட்டுத் தைத்த திருட்டுப் பிரதி வேண்டாம். அதில் முற்றுப்புள்ளியும் காற்புள்ளியும் ஒன்றாகத் தெரியும், ஒற்றை மேற்கோளும் பின்சாய்ந்த மேற்கோளும் கலந்துவிடும். கமாண்டில் அந்த ஒரு புள்ளிதான் எல்லாமே.

சுற்றி வளைக்காமல் பெயரைச் சொல்லுங்கள்.

சரி. முதல் புத்தகம் வில்லியம் ஷாட்ஸ் எழுதிய 'தி லினக்ஸ் கமாண்ட் லைன்'. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் அதன் பிடிஎஃப்பை ஆசிரியரே தன் தளத்தில் இலவசமாகக் கொடுக்கிறார். அச்சுப் பிரதி வேண்டுமென்றால் நோ ஸ்டார்ச் பிரஸ் வெளியிட்ட 2019-ஆம் வருட இரண்டாம் பதிப்பு இருக்கிறது. எந்த டிஸ்ட்ரோவையும் சார்ந்ததல்ல, ஆகவே உபுண்டு, ஃபெடோரா எதில் உட்கார்ந்தாலும் ஒத்துவரும். நான்கு பகுதிகள். முதல் பகுதியை மட்டும் முடித்தாலே ஃபைல், ஃபோல்டர், பர்மிஷன், பைப் எல்லாம் கைக்கு வந்துவிடும். நான்காம் பகுதி ஷெல் ஸ்கிரிப்ட். அவசரமில்லை.

இரண்டாவது, பிரையன் வார்ட் எழுதிய 'ஹவ் லினக்ஸ் வொர்க்ஸ்'. 2021-இல் வந்த மூன்றாம் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். பட்டனை அழுத்தியதிலிருந்து லாகின் திரை வரை உள்ளே என்ன நடக்கிறது, டிஸ்க்கை எப்படிப் பிரிக்கிறது, நெட்வொர்க் எப்படிக் கிடைக்கிறது என்பதையெல்லாம் சொல்லும். டைனோசர் புத்தகம் படிக்கும் மாணவர்களுக்கு, பாடத்தில் வந்த சொற்கள் தங்கள் கம்ப்யூட்டரில் எங்கே இருக்கின்றன என்று காட்டுவதும் இதுதான். ஆனால் முதலிலேயே இதை எடுத்தால் மூன்றாம் அத்தியாயத்தில் மூச்சு வாங்கும்.

ஈவி நெமத்தும் அவருடன் சிலரும் எழுதிய யூனிக்ஸ்-லினக்ஸ் நிர்வாகக் கையேட்டையும் பலர் சிபாரிசு செய்வார்கள். 2017-இல் வந்த ஐந்தாம் பதிப்பு ஆயிரம் பக்கத்துக்கு மேல். அருமையான புத்தகம்தான். வேலைக்குச் சேர்ந்து, ஒரு சர்வர் உங்கள் பொறுப்பில் வந்தபிறகு வாங்குங்கள். அதுவரை அது அலமாரிக்கு அழகு.

'24 மணி நேரத்தில்', 'ஒரே வாரத்தில்' என்று அட்டையில் போட்டிருக்கும் புத்தகங்களைப் பற்றிக் கேட்கிறார்கள். அவற்றிலும் நல்லவை உண்டு, மேலே சொன்ன சோதனைகளை வைத்துப் பாருங்கள். அட்டையில் இருக்கும் கணக்கை மட்டும் மறந்துவிடுங்கள்.

விலை கட்டுப்படியாகவில்லையே?

கம்ப்யூட்டர் புத்தகங்கள் வெளியிடும் ஓரெய்லி நிறுவனத்தின் பல புத்தகங்களுக்கு மும்பையைச் சேர்ந்த ஷ்ராஃப் பப்ளிஷர்ஸ் இந்தியப் பதிப்பு போடுகிறது. வெளிநாட்டுப் பிரதியைவிட விலை மிகவும் குறைவு, உள்ளடக்கம் அதேதான். ஆர்டர் போடுமுன் இந்தியப் பதிப்பு இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். ஷாட்ஸ் புத்தகம் இலவசம் என்பதை மறுபடியும் நினைவூட்டுகிறேன், ஏனென்றால் காசில்லாமல் கிடைப்பது மட்டமாகத்தான் இருக்கும் என்று நினைத்து அதைத் தொடாமலே விடுகிறார்கள்.

தமிழ் மீடியத்தில் படித்தேன். ஆங்கிலப் புத்தகம் என்றாலே தயக்கம். தமிழில் ஒன்றும் இல்லையா?

இருக்கிறது. கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதுவதற்கென்றே 2012 முதல் நடந்துவரும் கணியம் இதழ் வழியாக 'எளிய தமிழில்' என்ற வரிசையில் பல மின்னூல்கள் வந்திருக்கின்றன. அதில் து. நித்யா எழுதிய 'எளிய தமிழில் குனு/லினக்ஸ்' புதியவர்களுக்கானது. காசு இல்லை, ஃபோனிலேயே இறக்கிக்கொள்ளலாம்.

அப்புறம், நம் ஊரிலேயே இருக்கிற ஐஐடி பாம்பேயின் ஸ்போக்கன் டியூட்டோரியல். சின்னச் சின்ன வீடியோக்களாக லினக்ஸ் பாடங்கள் இருக்கின்றன, பலவற்றுக்குத் தமிழ்க் குரலும் உண்டு. வீடியோவை ஒரு பாதியில் ஓடவிட்டு, மறுபாதித் திரையில் கூடவே செய்து பழகும் விதமாக அமைத்திருக்கிறார்கள். சில பழைய உபுண்டுவில் பதிவானவை, திரை வேறு மாதிரி இருக்கும். கமாண்டுகள் அதேதான், பயப்பட வேண்டாம்.

தமிழில் படித்துப் புரிந்துகொண்டாலும் எரர் செய்தி ஆங்கிலத்தில்தான் வரும். நல்ல வேளையாக, ஆரம்பத்தில் திரும்பத் திரும்ப வருபவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்றால் எழுத்துப்பிழை, அல்லது அந்த புரோகிராம் இன்ஸ்டால் ஆகவில்லை. 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி' என்றால் நீங்கள் சொன்ன இடத்தில் அந்த ஃபைல் இல்லை. பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், லினக்ஸுக்கு அவை இரண்டும் வேறு. 'பர்மிஷன் டினைடு' என்றால் உங்களுக்கு அந்த ஃபைலில் கைவைக்க அனுமதி இல்லை. இவற்றை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் தமிழில் அர்த்தம் போட்டு, திரைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். தாராவியில் டியூஷன் எடுக்கும் ஒரு அக்கா பிள்ளைகளுக்கு இப்படித்தான் செய்துகொடுக்கிறார். டிக்‌ஷனரியைப் புரட்டுவதைவிட வேகமாக வேலைக்காகிறது.

புத்தகத்தில் இருக்கிறபடியேதான் அடிக்கிறேன். வரவே மாட்டேன் என்கிறது.

இந்தக் கேள்வி வராத வாரமில்லை. பெரும்பாலும் காரணம் கீழே உள்ளவற்றில் ஒன்று.

புத்தகத்தில் கமாண்ட் வரியின் தொடக்கத்தில் ஒரு டாலர் குறி இருக்கும். அது ஷெல் உங்களுக்காகக் காத்திருக்கிறது என்பதைக் காட்டும் அடையாளம், நீங்கள் அடிக்க வேண்டியதல்ல. அதையும் சேர்த்து அடித்தால் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று திட்டும். டாலருக்குப் பதில் ஹாஷ் குறி இருந்தால், அந்த வரியை ரூட் என்னும் நிர்வாகி உரிமையோடு அடிக்க வேண்டும் என்று அர்த்தம். ஹாஷையும் சேர்த்து அடித்தால் இன்னும் குழப்பம், ஏனென்றால் எரர்கூட வராது. ஹாஷுக்குப் பின்னால் வருவதைக் குறிப்பு என்று நினைத்து ஷெல் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். நல்ல ஆரம்பப் புத்தகம் இதை முதல் சில பக்கங்களிலேயே சொல்லிவிடும்.

அடுத்தது பிடிஎஃப்பிலிருந்து காப்பி-பேஸ்ட். கமாண்டுகளில் வரும் சின்னக் கோடு, அச்சு அழகுக்காக சில பிடிஎஃப்களில் நீளக் கோடாக மாறியிருக்கும். நேரான மேற்கோள் குறி வளைந்த மேற்கோளாகியிருக்கும். கண்ணுக்கு ஒன்று போலத்தான் தெரியும், ஷெல்லுக்கு அது வேறு எழுத்து. தலைகீழாக நின்றாலும் ஓடாது. கையாலேயே அடியுங்கள். கை பழகுவதற்கும் அதுதான் நல்லது.

நீளமான கமாண்ட் அச்சில் இரண்டு வரியாக மடிந்திருக்கும். வரி முடிவில் பின்சாய்வுக் கோடு இருந்தால் அதோடு சேர்த்து அடித்து எண்டர் தட்டிவிட்டு, அடுத்த வரியைத் தொடரலாம். இல்லாமல் சும்மா மடிந்திருந்தால் எண்டர் தட்டாமல் ஒரே வரியாக அடிக்க வேண்டும்.

நிர்வாகி உரிமையோடு கமாண்டை ஓட்டும் சூடோ கேட்கும் பாஸ்வேர்டை அடிக்கும்போது பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் நட்சத்திரம்கூடத் தெரியாது. கீபோர்டு போய்விட்டது என்று லாமிங்டன் ரோடுக்குக் கிளம்பிவிடாதீர்கள். அடித்து முடித்து எண்டர் தட்டினால் ஏற்றுக்கொள்ளும்.

எந்த டிஸ்ட்ரோவுக்கான புத்தகம் வாங்குவது?

உங்கள் கம்ப்யூட்டரில் எது இருக்கிறதோ அதற்கு. வேலைக்கு என்றால் அங்கே எது ஓடுகிறதோ அதற்கு, வங்கிகளிலும் பெரிய கம்பெனிகளிலும் ரெட் ஹாட் வகை நிறைய. உபுண்டு என்றால், பெயரிலுள்ள எண்ணே வயதைச் சொல்லிவிடும், 24.04 என்பது 2024 ஏப்ரல். இரட்டைப்படை வருட ஏப்ரலில் வருபவை நீண்ட கால ஆதரவு கொண்டவை, ஐந்து வருடம் அப்டேட் வரும். புத்தகம் அப்படிப்பட்ட ஒரு வெர்ஷனுக்கு எழுதப்பட்டதா என்று பாருங்கள்.

ரெட் ஹாட்டின் இலவச மறுபதிப்பு போன்ற சென்ட்ஓஎஸ் பெயரை அட்டையில் போட்ட புத்தகங்கள் பழைய கடைகளில் மலிவாகக் கிடைக்கும், அதில் மட்டும் கவனம். சென்ட்ஓஎஸ் 8-இன் ஆதரவு 2021 முடிவோடும், 7-இன் ஆதரவு 2024 ஜூன் 30-ஓடும் போய்விட்டது. ராக்கி லினக்ஸ், அல்மாலினக்ஸ் இரண்டும் அந்த இடத்துக்கு வந்தவை. சென்ட்ஓஎஸ் 8 புத்தகம் கையில் இருந்தால் ராக்கியில் பெரும்பாலும் ஒத்துப்போகும். 6 என்றால் வேண்டவே வேண்டாம்.

கடைக் கணக்கு முழுக்க டேலியில் இருக்கிறது. விண்டோஸை அழிக்காமல் படிக்க முடியுமா?

அழிக்கவே கூடாது. டேலி விண்டோஸுக்கென்று எழுதப்பட்டது, வருமானம் வரும் கம்ப்யூட்டரில் விளையாட வேண்டாம். விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்ட டபிள்யூஎஸ்எல் என்ற வசதியை மைக்ரோசாஃப்டே கொடுக்கிறது. ஒரு கமாண்டில் உபுண்டு வந்துவிடும். ஷாட்ஸ் புத்தகத்தின் பெரும்பகுதியை அதிலேயே செய்து முடிக்கலாம். ஆனால் பூட் ஆவது, டிஸ்க்கைப் பிரிப்பது பற்றிய அத்தியாயங்கள் அதில் பொருந்தாது. வார்ட் புத்தகத்துக்கு, கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் போல ஓடும் வர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, அதற்குள் முழு லினக்ஸை நிறுவிக்கொள்ளுங்கள், எதைக் கெடுத்தாலும் அந்தப் பெட்டிக்குள்தான் கெடும்.

பென்டிரைவிலிருந்து லைவ்வாக ஓட்டுவதும் உண்டு. பிடிக்கிறதா, வைஃபை வேலை செய்கிறதா என்று பார்க்க நல்லது. தினமும் படிக்கச் சரிவராது. சாதாரணமாகப் போட்ட லைவ் பென்டிரைவில் ரீஸ்டார்ட் ஆனதும் நேற்றுச் செய்ததெல்லாம் காணாமல் போயிருக்கும்.

டோம்பிவிலியிலிருந்து தினமும் ரயில். ஃபோனில் பிடிஎஃப் வைத்துப் படித்தால் போதுமா?

படிக்கலாம், பழக முடியாது. காலை ஃபாஸ்ட் லோக்கலில் நிற்க இடம் கிடைப்பதே பெரிய விஷயம். அங்கே படிப்பதற்கு ஏன், எப்படி என்று விளக்கும் அத்தியாயங்களை ஒதுக்குங்கள். பர்மிஷன் என்றால் என்ன, பிராசஸ் என்றால் என்ன போன்றவை. கமாண்ட் அத்தியாயங்களை இரவில் கம்ப்யூட்டர் முன்னால் மட்டும் திறங்கள். ஃபோன் திரையில் கமாண்ட் வரி கண்ட இடத்தில் மடிந்து, எங்கே இடைவெளி, எங்கே இல்லை என்று தெரியாது. கம்ப்யூட்டர் முன்னால் அச்சுப் புத்தகம் வசதி, ஏனென்றால் திரை முழுவதும் டெர்மினலுக்குக் கிடைக்கும்.

யூடியூப் இருக்கிறது, ஏஐ இருக்கிறது. இன்னும் புத்தகம் எதற்கு?

மாட்டிக்கொண்ட இடத்தில் கேட்க ஏஐ நல்ல துணைதான். ஆனால் கேட்பதற்கு என்ன கேட்க வேண்டும் என்று தெரிய வேண்டுமே. பைப் என்று ஒன்று இருப்பதே தெரியாதவர் பைப் பற்றிக் கேட்கப்போவதில்லை. எதற்குப் பின் எது என்ற வரிசையைப் புத்தகம் கொடுக்கிறது.

ஏஐ கொடுத்த கமாண்டை அப்படியே அடிக்கும் முன் மேன் என்று அடித்து இடைவெளி விட்டு, அந்த கமாண்டின் பெயரைப் போடுங்கள், அதன் கையேடு திறக்கும். ஒவ்வொரு ஆப்ஷனும் என்ன செய்கிறது என்று பாருங்கள். வெளியே வர 'க்யூ'. ஆர்எம்மும் சூடோவும் ஒரே வரியில் வந்தால் இரண்டு தடவை பாருங்கள்.

ரெட் ஹாட் சான்றிதழுக்குப் படிக்கிறேன். அதே புத்தகம் போதுமா?

போதாது. ஆர்எச்சிஎஸ்ஏ என்ற அந்தச் சான்றிதழ் தேர்வில் சரியான விடையை டிக் அடிக்கும் வேலை இல்லை, நிஜ சிஸ்டத்தில் உட்கார்ந்து சொன்னதைச் செய்து காட்ட வேண்டும். எந்த வெர்ஷனில் தேர்வு எழுதுகிறீர்களோ அதே வெர்ஷனுக்கான தேர்வுப் புத்தகம் வேண்டும். ரெட் ஹாட் 9 வந்தது 2022-இல், 10 வந்தது 2025-இல். சீனியர் கொடுத்த 7-ஆம் வெர்ஷன் புத்தகத்தில் புரோகிராம் இன்ஸ்டால் செய்யும் கமாண்ட் யம் என்று இருப்பது 8 முதல் டிஎன்எஃப் ஆகிவிட்டது, இப்படி இன்னும் நிறைய. கமாண்ட் லைனே புதிது என்பவர்கள் தேர்வுப் புத்தகத்தை முதல் புத்தகமாக எடுக்க வேண்டாம். அதில் எதையும் நிதானமாக விளக்க மாட்டார்கள், உங்களுக்குத் தெரியும் என்று நினைத்து ஓடுவார்கள்.

வீட்டில் அப்பாவுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். அவருக்கு என்ன புத்தகம் வாங்கித் தரலாம்?

புத்தகம் வேண்டாம். அவருக்கு வேண்டியது தமிழில் டைப் அடிக்க வழி, செய்தித்தாள் திறக்க பிரவுசர், பேரப்பிள்ளை போட்டோ பார்க்க ஒரு ஐகான். தமிழ் டைப்பிங்தான் எந்த ஆரம்பப் புத்தகத்திலும் இருக்காது, ஆகவே இங்கே சொல்லிவிடுகிறேன். உபுண்டுவில் ஐபஸ்-எம்17என் என்ற பேக்கேஜை இன்ஸ்டால் செய்து, ஒருமுறை லாக்அவுட் ஆகி வாருங்கள். செட்டிங்ஸில் கீபோர்டு பகுதியில் தமிழைச் சேர்க்கும்போது தமிழ்99 கீபோர்டு முறை கிடைக்கும். ஊரில் டைப்ரைட்டிங் படித்தவர் என்றால் தட்டச்சு முறைக்கும் அங்கேயே தனித் தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பாமினி எழுத்துருவில் அடித்து வைத்த கடிதங்கள் இருந்தால் அவை யூனிகோடு அல்ல, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். முதலில் யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் லினக்ஸ் என் கடிதத்தையெல்லாம் கெடுத்துவிட்டது என்பார்.

என்னிடம் இருப்பது மேக். லினக்ஸ் புத்தகம் பயன்படுமா?

பாதிக்கு மேல் பயன்படும், மேக்கும் யூனிக்ஸ் வழி வந்ததுதான். 2019-இல் வந்த கேட்டலினா வெர்ஷனிலிருந்து அதன் ஷெல் இசட்எஸ்எச், புத்தகங்களில் பாஷ். சில கமாண்டுகளின் ஆப்ஷன்கள் மாறும், செட் (எஸ்-இ-டி) கமாண்டில் ஃபைலை நேரடியாகத் திருத்தும் ஆப்ஷன் அதில் பேர்போனது. இன்ஸ்டால், சர்வீஸ் அத்தியாயங்கள் பொருந்தாது.

பழைய புத்தகத்தோடு ஒரு சிடி வந்தது. அதைப் போட்டு இன்ஸ்டால் செய்யட்டுமா?

வேண்டாம். அந்த வெர்ஷனுக்கு அப்டேட் நின்று பல வருடம் ஆகியிருக்கும், உங்கள் வைஃபையையும் அதற்கு அடையாளம் தெரியாது. டிஸ்ட்ரோவின் சொந்தத் தளத்திலிருந்து புதியதை இறக்கிப் பென்டிரைவில் போடுங்கள். 4 ஜிபி ராம் இருந்தால் மின்ட் ஓடும், அதற்கும் குறைவென்றால் அதன் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் பாருங்கள். கடைக்காரர் சிடிக்கென்று தனியாகக் காசு கேட்டால் குறைத்துக் கேளுங்கள்.